குறைய வேண்டியது மீனா, சோறா?

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கூடியிருப்பதால், தாவர உணவை அதிகமாகச் சேர்க்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். சோறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), தேங்காய் என்று நாங்கள் மூன்று வேளையும் தாவர உணவைத்தானே சாப்பிடுகிறோம்? இதற்கு மேல் எதைச் சேர்ப்பது? மீன் இல்லாவிட்டால் அவர் தட்டைத் தள்ளிவிடுவார். மீனை அறவே நிறுத்திவிட்டு, கடையில் உறையில் அடைத்து விற்கும் தாவர இறைச்சிக்கு மாறிவிடலாமா?
வாசகி, குளச்சல்

பதில்: மீனை நிறுத்த வேண்டாம். உங்கள் கேள்வியில் நீங்கள் தாவர உணவு என்று எண்ணிச் சொன்ன நான்கையும் மறுபடி பாருங்கள். முதல் மூன்றும் பெரும்பாலும் மாவுச்சத்து. நான்காவது பெரும்பாலும் கொழுப்பு. அதுவும் நெய், வெண்ணெய் போலச் நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) மிகுந்தது. செடியில் விளைந்தது என்ற ஒரே தகுதியால் ஒரு பொருள் உங்கள் கணவருக்கு நன்மை செய்துவிடாது. பரோட்டாவும் பழம்பொரியும் ஏத்தங்காய் சிப்ஸும்கூடச் செடியிலிருந்து வந்தவையே. மருத்துவர் கேட்டது பயறு, பருப்பு, கீரை, காய்கறி ஆகியவற்றை. உங்கள் பட்டியலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் உங்கள் வீட்டுச் சிக்கல்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி தேவைப்படுபவருக்குச் சமைப்பதற்கு முந்தைய எடையில் தானியம் 250 கிராம், பயறு பருப்பு வகைகள் 85 கிராம், கீரை உட்படக் காய்கறிகள் 400 கிராம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மீனோ முட்டையோ சாப்பிடுபவர்கள் அந்த 85 கிராமின் ஒரு பகுதிக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம். அதாவது, அரிசியைவிடக் காய்கறியின் எடை கூடுதலாக இருக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அப்படி இருக்கிறது? கோபுரமாய்க் குவித்த சோறு, அதன் மேல் மீன் குழம்பு, ஓரத்தில் பெயருக்கு ஒரு கரண்டி துவரன் (தேங்காய் சேர்த்த பொரியல்) என்பதுதான் பெரும்பாலான மதியத் தட்டின் தோற்றம். அந்தக் கோபுரம் பாதியாகி, துவரன் இரண்டு மூன்று மடங்கானால் மருத்துவர் சொன்னதில் பெரும்பகுதி நடந்துவிடும். மீனை அங்கே யாரும் தொட வேண்டியதில்லை.

மரச்சீனியையும் மீனையும் பிரிப்பதில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரவலாகப் பயிரிடச் செய்ததில், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னருக்குப் பெரும் பங்குண்டு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனபோது, அன்று திருவிதாங்கூரோடு இருந்த நம் பகுதியிலும் ஏழை வீடுகளின் பசியை ஆற்றியது இதுவே. ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம்தான். கூடவே வைத்த சாளை (மத்தி) மீன் கறிதான் அந்தக் குறையை ஈடுசெய்தது. நாக்குக்காக மட்டும் சேர்ந்த ஜோடி அல்ல அது. மீனை எடுத்துவிட்டுக் கிழங்கையும் கட்டஞ்சாயாவையும் மட்டும் மிச்சம் வைத்தால், தட்டு முழுத் தாவரத் தட்டாகவும் முன்னிலும் மோசமான தட்டாகவும் ஆகிவிடும். சாளை, அயிலை போன்ற கொழுப்புள்ள மீன்களில் இதயத்துக்கு உகந்த ஒமேகா 3 என்னும் கொழுப்பு இருக்கிறது. காய்கறிகளிலும் பயறுகளிலும் கிடைக்காத வைட்டமின் பி12உம் இருக்கிறது. பொரித்து உண்பதைக் குறைத்தால் போதும்.

மீன் சட்டிக்குள்ளேயே காய்கறியைச் சேர்க்கவும் நம் சமையலில் இடமிருக்கிறது. மாங்காயும் முருங்கைக்காயும் போட்ட நெத்தோலி அவியலும், வழுதலங்காய் (கத்தரிக்காய்) போட்ட கருவாட்டுக் குழம்பும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியவை அல்ல. மீனைப் பாதியாக்கிக் காயை இரட்டிப்பாக்கினாலும் குழம்பின் மணம் மாறாது. தட்டைத் தள்ளுபவருக்கு உடனே தெரியவும் தெரியாது.

உங்கள் ஊரில் இதைப் பழகுவதற்கான காலத்தை அரசே ஆண்டுதோறும் ஒதுக்கித் தருகிறது. நம் மாவட்டத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், குளச்சல் அடங்கிய மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் கொண்டுவரும் மீனுக்கு அந்நாட்களில் என்ன விலை என்பதை நீங்களே அறிவீர்கள். அப்போது பல வீடுகளில் மீன் இருந்த இடத்துக்குப் பயறு வருவதில்லை. பிராய்லர் கோழி வருகிறது, அல்லது எங்கிருந்தோ ஐஸ் பெட்டியில் வந்த மீன் அதே விலைக்கு வருகிறது. அந்த இரண்டு மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமாவது காணத்தையும் (கொள்ளு) சிறுபயற்றையும் உள்ளே விட்டுப் பாருங்கள்.

விடுவது என்றுகூடச் சொல்லக் கூடாது, அவை இங்கிருந்து வெளியேறியவை. புட்டும் பயறும் பப்படமும் என்பது நம் காலை உணவின் பழைய வரிசை. இன்று புட்டு இருக்கிறது, பப்படம் இருக்கிறது, பயற்றின் இடத்தில் சீனியும் பழமும் இருக்கின்றன. சர்க்கரை நோயாளியின் தட்டில் இதைவிடப் பொருத்தமற்ற மாற்றம் வேறெது? சிறுபயறு சேர்த்த வாழைக்கூம்பு (வாழைப்பூ) துவரன், இடிச்சக்கை (பிஞ்சுப் பலா) துவரன், சக்கைக்கொட்டையும் (பலாக்கொட்டை) முருங்கைக்கீரையும் சேர்ந்த கறி, மத்தனும் (பூசணி) பயறும் கலந்த எரிசேரி, காணத் துவையல், உளுந்தஞ்சோறு என்று நீளும் இந்த வரிசைக்கு எந்த உறையும் தேவையில்லை. 100 கிராம் காணத்தில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறுகளில் நிறைந்திருப்பதால், கஞ்சியோடு பயறு சேர்த்து உண்ட வழக்கம் ஊட்டச்சத்துக் கணக்கிலும் சரியானதே. கல்யாணப் பந்தியில் அவியல், ஓலன், எரிசேரி என்று அத்தனை தொடுகறிகளையும் மிச்சம் வைக்காமல் உண்டு எழும் ஆண்கள், வீட்டில் மட்டும் மீன் இல்லாத சோறு இறங்காது என்பதை நான் முழுதாக நம்புவதில்லை.

அவர்கள் பந்தியில் உண்பதற்கும் வீட்டில் மறுப்பதற்கும் சுவை மட்டும் காரணமன்று. பந்திக்குக் காய் நறுக்க ஆட்கள் இருக்கிறார்கள். தாவர உணவைச் சேருங்கள் என்று மருத்துவர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். கூம்பை உரித்து நரம்பு நீக்கி, பொடியாய் அரிந்து, கையில் ஒட்டிய கறையைத் தேங்காயெண்ணெய் தேய்த்துப் போக்கி, தேங்காய் துருவி அடுப்பில் ஏற்றுவதற்குள் போகும் நேரம் அந்த வரியில் இல்லை. மீன் குழம்போ ஒரே சட்டியில் முடிந்துவிடும். நம் வீடுகளில் மீன் குழம்பு வென்றதில் இந்தக் கணக்குக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். ஆகவே, நோய் யாருக்கு வந்திருக்கிறதோ அவரும் அரிவாள்மணையின் முன் உட்காரட்டும். அதற்கு உடன்படாதவர் தட்டைத் தள்ளும் உரிமையையும் விட்டுத்தர வேண்டும்.

உறையில் வரும் தாவர இறைச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எப்போதாவது ஆசைக்கு வாங்கலாம். அப்போதும் உறையின் பின்பக்கத்தில் உப்பின் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள். அன்றாட உணவாக அதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை. மீல்மேக்கர் அதைவிட எளிமையானது, மலிவானது.

பயற்றை ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கீரை சமைக்கும் நாளில் மாங்காயோ எலுமிச்சையோ உடன் இருந்தால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால் அது தடைப்படும். மிக முக்கியமாக, சோறு பாதியாகக் குறையும்போது சர்க்கரை மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பயற்றின் அளவுக்கும் வரம்பு உண்டு. இவ்விரண்டையும் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்கப் போகும்போது கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்த அன்றிரவு பயற்றை ஊறப்போடுவது அவருடைய வேலையாக இருக்கட்டும்.