மோஷன அடக்க முடியலையா? மூலம்னு நீங்களே முடிவு பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துல இருந்து 52 வயசு அம்மா ஒருத்தங்க எழுதிருக்காங்க. எட்டு மாசமா மோஷன அடக்க முடியல, அவசரம் வந்தா கொல்லைப்பக்கம் இருக்கற பாத்ரூமுக்கு போய் சேர்றதுக்குள்ள கொஞ்சம் வந்துடுது, சில நாள் தெரியாமலே பாவாடைல கறை பட்டிருக்கு. 11 வருஷமா சுகர். ரெண்டு பிரசவம், முதல் குழந்தைய ஆயுதம் போட்டு எடுத்தாங்களாம். வீட்டுக்காரருக்கே தெரியாது, கல்யாணம் காதுகுத்துன்னு எங்கயும் போறதில்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் "இது உள்மூலம், ஊசி போட்டா ஒரே நாள்ல சரியாகிடும்"னு ஒரு இடத்துக்கு கூட்டிட்டு போக, அங்க 18,000 கேட்டு, இவங்க 2,000 அட்வான்ஸும் குடுத்துட்டாங்க. படுக்கையில இருக்கற மாமியாருக்கும் இதே மாதிரி ஒழுகுதாம், மெடிக்கல்ல மாத்திரை வாங்கி குடுக்கறாங்களாம். "வயசானா இப்படித்தானா, இல்ல டாக்டர பாத்தே ஆகணுமா? அடுத்த மாசம் பொண்ணுக்கு வளைகாப்பு, மூணு மணி நேரம் பஸ்ல போகணும்"னு கேட்டிருக்காங்க.

அம்மா, டாக்டர பாத்தே ஆகணும். வயசானா இப்படித்தான்னு எவ்வளவோ பேர் பத்து வருஷம் துணிய மாத்திக்கிட்டே வாழறாங்க, அதுல பாதிக்கு மேல மருந்து, பயிற்சி, சாப்பாட்டு மாற்றம்னு சின்ன சின்ன விஷயத்துலயே நல்லா குறைக்கக்கூடியதுதான்னு என் அனுபவத்துல தைரியமா சொல்வேன். வயித்துப்போக்கு வந்த ரெண்டு நாள்ல ஒரு தடவ தவறிப்போச்சுன்னா அத விட்டுடலாம், யாருக்கும் நடக்கும். ஆனா வயித்துப்போக்கு இல்லாத நாள்லயும் மறுபடி மறுபடி நடக்குது, தெரியாமலே கசியுது, இதுக்கு பயந்து வெளிய போறத நிறுத்திட்டீங்கன்னா அதுவே டாக்டர்கிட்ட போறதுக்கு போதுமான காரணம். நீங்க மூணுத்தையும் தாண்டிட்டீங்க.

முதல்ல ஒன்ன மட்டும் மனசுல வச்சுக்குங்க, மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. பின்பக்கம் விரல் விட்டு பாக்காம உங்களுக்கு இது மூலம், அது பௌத்திரம் (ஆசனவாய் ஓரத்துல சீழ் வழியற குழாய் மாதிரி ஓட்டை)னு சொல்றவங்ககிட்ட ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. ஒரு கையுறை, கொஞ்சம் ஜெல், ஒரு நிமிஷம், அவ்வளவுதான் செலவு. அந்த ஒரு நிமிஷத்துல ஆசனவாய் தசை தளர்ந்திருக்கா, இறுக்க சொன்னா இறுக்குதா, முன்பக்கம் பிரசவத்துல கிழிஞ்ச இடம் பள்ளமா இருக்கா, உள்ள கல்லு மாதிரி மலம் அடைச்சிருக்கா, விரலுக்கு எட்டற தூரத்துல கட்டி இருக்கான்னு அத்தனையும் தெரிஞ்சுடும். இத செய்யாமலே நேரா கேமரா டெஸ்ட்டுக்கும் ஸ்கேனுக்கும் எழுதி குடுக்கற பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கு, ஒரு திரைச்சீலை கூட இல்லாம பத்து பேர் நிக்கற ஓபில எப்படி பாக்கறதுன்னு விட்டுடற இடமும் இருக்கு, ரெண்டுமே எனக்கு கோபம்தான் வரவைக்குது. நீங்க 11 வருஷமா மாசாமாசம் சுகர் மாத்திரை வாங்கறீங்க, ஒருத்தர் கூட "மோஷன் எப்படி போகுது, அடக்க முடியுதா"ன்னு கேட்டதில்லன்னு எழுதிருக்கீங்க, அந்த வரிய படிச்சிட்டு ரொம்ப நேரம் மனசு சரியில்ல.

உங்களுக்கு என்னவா இருக்கலாம்னு என் கணிப்ப சொல்றேன், பாக்காம சொல்றதுதான், அதனால முடிவா எடுத்துக்காதீங்க. ஆசனவாய்ல ரெண்டு வளையம் இருக்கு. உள் வளையம் நம்ம நினைக்காமலே எப்பவும் மூடியிருக்கும், தூங்கும்போதும். வெளி வளையம் அவசரம் வரும்போது நாமளா இறுக்கி பிடிக்கறது. உள் வளையம் தளர்ந்தா தெரியாம கசியும், வெளி வளையம் போனா அவசரத்த தாங்க முடியாது. ஆயுதம் போட்டு எடுக்கும்போது வெளி வளையம் கிழியறது நடக்கக்கூடியது, அந்த வயசுல மத்த தசையெல்லாம் பலமா இருக்கும், சமாளிச்சுடும், மாதவிடாய் நின்னு தசை தளரும்போதுதான் இருபத்தஞ்சு முப்பது வருஷம் கழிச்சு அந்த பழைய கிழிசல் வெளிய தெரியும். அதோட சுகர் நரம்ப கெடுக்கும், மலம் வந்து நிக்கறதே உணர்வு இல்லாம போகும். நீங்க சாப்பிடற சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் சிலருக்கு மோஷன தண்ணியா போக வைக்கும், மெதுவா கரையற மாதிரியும் அந்த மாத்திரை இருக்கு, மாத்தலாமான்னு டாக்டர கேளுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு கரன்ட் வச்சவங்களுக்கும், குடல் வெளிய இறங்கறவங்களுக்கும் கூட இப்படி ஆகும், நீங்க எழுதினத வச்சு பாத்தா உங்களுக்கு அது இருக்கற மாதிரி தெரியல.

இப்ப அந்த ஊசி விஷயம். உள்மூலத்துக்கு தகுதியான சர்ஜன் அளவா போடற ஊசி ஒன்னு உண்டு, அத நான் குறை சொல்லல. ஆனா மூலத்துக்கு போடற ஊசி அடக்க முடியாத பிரச்சனைய எப்படி சரி பண்ணும்? போன வருஷம் ஒருத்தர் வந்தார், லாரி டிரைவர். பௌத்திரத்துக்கு ஒரு ரூம்ல படுக்க வச்சு எதையோ வெட்டி எதையோ ஊத்தி விட்டிருக்காங்க. பில்லுன்னு கேட்டா ஒரு விசிட்டிங் கார்ட எடுத்து நீட்டறார், பின்பக்கம் பேனால "பாக்கி 4000"ன்னு எழுதிருக்கு, அவ்வளவுதான் ஆவணம். விரல் வச்சு பாத்தா வளையத்துல கடிகார முள்ளு மூணு மணியில இருந்து ஆறு மணி வரைக்கும் தசையே இல்ல, வெறும் தழும்பு. இப்ப வண்டி ஓட்டும்போது பேட் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார், வயசு 38. பௌத்திரம் எந்த தசைய தாண்டி போகுதுன்னு தெரியாம வெட்டினா கன்ட்ரோல் போயிடும், போன தசைய அப்படியே திருப்பி குடுக்க எங்களால முடியாது. உங்கள கூட்டிட்டு போன அந்த தெரிஞ்சவருக்கு கமிஷன் போகுதான்னு எனக்கு தெரியாது, ஆனா நான் பாத்த வரைக்கும் ஆட்டோக்காரர்ல இருந்து லேப்ல வேலை பாக்கறவர் வரைக்கும் ஆள் புடிச்சு குடுக்கறதுக்கு ஒரு கணக்கு ஓடுது. போர்டுல பதிவு எண் இருக்கான்னு பாருங்க, மெடிக்கல் கவுன்சில்ல பதிவு பண்ணின டாக்டரான்னு பையன விட்டு போன்ல தேட சொல்லுங்க. 2,000 போனா போகட்டும்மா, மீதி 16,000த்த கொண்டுபோய் குடுத்துடாதீங்க.

மாமியார் விஷயத்துக்கு வர்றேன், அது உங்களோடத விட அவசரம். படுக்கையில இருக்கறவங்களுக்கு தண்ணியா ஒழுகுதுன்னா அது லூஸ் மோஷன்னு எல்லாரும் நினைக்கறாங்க, மெடிக்கல்ல நிப்பாட்டற மாத்திரை குடுக்கறாங்க, ஒழுகல் நிக்கல, இன்னும் ரெண்டு மாத்திரை. நிறைய பேருக்கு உண்மையில அது மலச்சிக்கல். ஆமா, மலச்சிக்கல்தான். மலக்குடல்ல கெட்டியா உருண்டை அடைச்சுக்கும், அதுக்கு மேல இருக்கற தண்ணி மலம் உருண்டையோட ஓரத்துல வழிஞ்சு வெளிய வரும், அடைச்ச சாக்கடையில ஓரமா தண்ணி ஒழுகற மாதிரி. நிப்பாட்டற மாத்திரை குடுக்க குடுக்க உருண்டை இன்னும் கல்லாகும். 74 வயசு பெரியவர ஆறு வாரம் லூஸ் மோஷன்னு தூக்கிட்டு வந்தாங்க, பையன் கையில காலி மாத்திரை அட்டை மட்டும் ஒரு கேரி பேக் நிறைய. வயிறு உப்பி, சாப்பாடு இறங்கல, யூரினும் சரியா வரல. விரல் விட்டா ஒரு அங்குலத்துலயே கல்லு. நர்ஸும் நானும் ஜெல் போட்டு கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு எடுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, அப்புறம் எனிமா, அன்னைக்கு ராத்திரியே பெரியவர் ரசஞ்சோறு கேட்டார். அதனால மாமியாருக்கு அந்த மாத்திரைய நிறுத்திட்டு, நர்ஸையோ டாக்டரையோ வீட்டுக்கு வரவச்சு விரல் விட்டு பாக்க சொல்லுங்க. நீங்களா விளக்கெண்ணெய் குடுத்து பாக்கறது, இசப்கோல் கரைச்சு குடுக்கறது எதுவும் வேணாம், அடைப்பு இருந்தா இசப்கோல் மேல போய் உக்காந்து இன்னும் அடைக்கும். அடைப்பு இல்லாமலும் நிஜமான வயித்துப்போக்கு இருக்கலாம், அது பாத்தாதான் தெரியும்.

ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் 108க்கு போன் பண்ண வேண்டிய நிலைமை ஒன்னு இருக்கு. திடீர்னு மோஷன் கன்ட்ரோல் போகுது, கூடவே இடுப்பு வலி, கால் பலமில்லாம துவளுது, யூரின் வரமாட்டேங்குது இல்ல தானா போகுது, சைக்கிள் சீட் படுமே அந்த இடம் மரத்துப்போச்சு, கழுவும்போது கை படறதே தெரியலன்னா, முதுகெலும்புக்குள்ள நரம்புக்கட்டு நசுங்குதுன்னு சந்தேகப்படணும். காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது, மணிக்கணக்குல நரம்பு செத்துக்கிட்டே போகும், எவ்வளவு சீக்கிரம் ஆபரேஷனோ அவ்வளவு மிச்சம். எண்ணெய் போட்டு நீவற எடத்துக்கு தூக்கிட்டு போய் ஒரு நாள வீணடிச்சுட்டு வர்றவங்கள பாத்திருக்கேன், பாக்கவே வேதனையா இருக்கும்.

ஒரு வாரத்துக்குள்ள பாக்க வேண்டியதும் உண்டு. மலத்துல ரத்தம், முயற்சி பண்ணாம எடை குறையறது, ரத்தம் கம்மியாகி வெளுத்துப்போறது, மூணு வாரத்துக்கு மேல மோஷன் போற பழக்கமே மாறிப்போறது, போயிட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கறது. ரத்தம்னாலே மூலம்னு வச்சுக்கிட்டு மலக்குடல் புற்றுநோய வருஷக்கணக்குல மூல மருந்து போட்டு வளர்த்து கொண்டு வர்றாங்க. மூலமும் புற்றுநோயும் ஒரே ஆளுக்கு சேந்தே இருக்கலாம்மா.

நீங்க எங்க போகணும்? தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜோ திருவாரூர் மெடிக்கல் காலேஜோ, சர்ஜரி ஓபிக்கு காலையிலயே போங்க. லேடி டாக்டர் பாக்கட்டும்னு கேக்கறது உங்க உரிமை, கூச்சப்படாதீங்க. உள்ள போனதும் "வயிறு சரியில்ல"ன்னு சொன்னா ரெண்டு நிமிஷத்துல வாயு மாத்திரையோட அனுப்பிடுவாங்க, அதனால இப்படி சொல்லுங்க: "எட்டு மாசமா மோஷன அடக்க முடியல, தெரியாம கசியுது, முதல் பிரசவம் ஆயுதம் போட்டது, சுகர் இருக்கு, விரல் பரிசோதனை பண்ணி பாருங்க." போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பழைய காலண்டர் தாள் பின்பக்கம் எத்தனை மணிக்கு போச்சு, கெட்டியா தண்ணியா, கசிஞ்சுதா, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதி வச்சு எடுத்துட்டு போங்க, சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையும் கூட. தேவைப்பட்டா ஆசனவாய் தசைய பாக்கற ஸ்கேன், அழுத்தம் அளக்கற டெஸ்ட் எழுதுவாங்க, அது எல்லா ஊர்லயும் கிடையாது, அதுக்காக சிகிச்சைய தள்ளிப்போட வேண்டாம். ஆபரேஷன்னு யாராவது சொன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய எடுத்துட்டு போய் இது அதுல வருமான்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டர்லயே நேரா கேளுங்க, நடுவுல ஆள் வேணாம்.

இன்னைக்கே ஆரம்பிக்கலாம்னா தசை பயிற்சி. காத்து வர்றத அடக்கற மாதிரி பின்பக்கத்த இறுக்கி அஞ்சு எண்ணி விடுங்க, பத்து தடவ, காலை மதியம் ராத்திரி. வயிறு, தொடை இறுகக்கூடாது, மூச்ச பிடிக்கக்கூடாது. மூணு மாசம் விடாம செஞ்சாதான் வித்தியாசம் தெரியும், பத்து நாள்ல பலன் இல்லன்னு விட்டுடாதீங்க. சாப்பிட்ட அரை மணி நேரத்துல குடல் தானா அசையும், காலை டிபன் முடிச்சதும் அவசரம் இல்லன்னாலும் போய் உக்காருங்க. கசிஞ்ச இடத்த டெட்டால் ஊத்தி கழுவாதீங்க, தோல் வெந்துடும், வெறும் தண்ணி, மெத்துன்னு பருத்தி துணியால ஒத்தி எடுத்து தேங்கா எண்ணெய் இல்ல ஜிங்க் க்ரீம் தடவுங்க.

வளைகாப்புக்கு போங்க, கட்டாயம் போங்க. ஆனா அதுக்கு முன்னாடியே ஓபிக்கு போயிட்டு வாங்க, விரல் பரிசோதனை பண்ணி உள்ள அடைப்பு இல்ல, ரத்தம் இல்லன்னு டாக்டர் சொன்னா, பயண நாளுக்கு மட்டும் லோப்பரமைடுங்கற மோஷன நிப்பாட்டற மாத்திரை போட்டுக்கலாமா, எவ்வளவுன்னு அவங்ககிட்டயே கேளுங்க. அன்னைக்கு பஸ் ஏறறதுக்கு முன்னாடி காப்பி வேணாம், அது குடல கிளப்பிவிடும். ஒரு பேட், ஒரு மாத்துப்பாவாடை, ஒரு பாட்டில் தண்ணி பையில வச்சுக்குங்க, கதவுக்கு பக்கத்து சீட்ல உக்காருங்க. வீட்டுக்காரர்கிட்ட முதல் நாள் ராத்திரியாவது சொல்லிடுங்க, நடுவழியில பஸ்ஸ நிறுத்த சொல்லணும்னா அவர் எழுந்து போய் சொல்லட்டும்.