பூனைக்கு பல்லு தேய்க்கணுமாங்க? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வெயில் காலத்துல பூனையை எப்படி பாத்துக்கறதுன்னு எழுதினேன், அதுக்கு வந்த கடுதாசியிலயும் வாட்ஸ்அப்லயும் பாதிக்கு மேல பூனை வாய் நாத்தத்தை பத்திதான் கேட்டிருக்கீங்க. சரி, இந்த தடவை முழுசா பல்லும் ஈறும்தான். நான் டாக்டர் இல்லீங்க, தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கமே கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், மாட்டு வாயை தொறந்து பல்லை பாத்து வயசு சொல்லியே பாதி சர்வீஸ் போச்சு, இப்ப வீட்டுல மூணு பூனை.

கேள்வி: எங்க பூனைக்கு நாலு வயசு. கிட்ட வந்து கொட்டாவி விட்டா தாங்க முடியல. கடவாப்பல்லு எல்லாம் மஞ்சளும் பழுப்புமா இருக்கு. நம்ம ஊரு போர் தண்ணியாலதான்னு வீட்டுக்காரர் சொல்றார், மாமியார் கரித்தூள் வெச்சு தேய்ங்கறாங்க. எங்க பேஸ்ட்லயே தேய்க்கலாமா? (பாலக்கோடு வாசகி)

முதல்ல தண்ணி மேல இருக்கற பழியை எடுத்துடுவோம்மா. நம்ம ஜில்லாக்காரங்களுக்கு பல்லுல கறைன்னாலே ஃப்ளோரைடுதான் ஞாபகம் வரும், தப்பில்ல, அந்த கறையோடவே வளந்தவங்கதான நாம. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்ற ஃப்ளோரைடு நம்ம பக்கம் எத்தனையோ போர்ல அதை தாண்டிதான் கிடந்துச்சு, அதுக்காகத்தான் ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் கொண்டு வந்து 2013-ல தண்ணி விட்டாங்க. ஆனா ஃப்ளோரைடு கறை பல்லு உருவாகறப்பவே எனாமலுக்குள்ள பிடிக்கறது. பல்லு முளைச்சு முடிஞ்சப்புறம் அந்த மாதிரி கறை புதுசா வராது, பூனைக்கு ஆறேழு மாசத்துலயே முப்பது பல்லும் முளைச்சு முடிஞ்சிடும். உங்க பூனைக்கு இருக்கறது வெளியில ஒட்டின காரை. எப்படி தெரியும்னா, ஃப்ளோரைடு கறை பல்லு பூரா பட்டை பட்டையா ஓடும், காரை ஈறு ஓரத்துல ஆரம்பிச்சு கீழ இறங்கும், அதுவும் மேல்வரிசை கடவாப்பல்லோட வெளிப்பக்கம்தான் அதிகம் படியும், ஏன்னா எச்சி வர்ற துவாரம் அங்கதான் பக்கத்துல இருக்கு.

சாப்பிட்டப்புறம் பல்லு மேல வழவழன்னு ஒரு படலம் உக்காருது, அது பூரா கிருமி. அதை ரெண்டு மூணு நாளைக்குள்ள துடைச்சு எடுத்துட்டா போயிடும். விட்டா எச்சியில இருக்கற சுண்ணாம்பு சத்தை இழுத்து கல்லு மாதிரி ஆயிடும், அதுதான் காரை, அப்புறம் நீங்க என்ன பிரஷ்ஷை போட்டு தேய்ச்சாலும் வராது. அதனாலதான் வாரத்துக்கு ஒரு நாள் நல்லா தேய்ச்சு விடறேங்கறதுல பிரயோஜனம் இல்ல, தினமும் ஒரு நிமிஷம் போதும், முடியலன்னா வாரத்துக்கு மூணு நாளாவது.

கரித்தூள், சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி எதுவும் வேண்டாம், எனாமலும் தேயும் ஈறும் கிழியும். உங்க பேஸ்ட்டும் வேண்டாம். நாம துப்பிடறோம், பூனை துப்புமா? நுரையும் ஃப்ளோரைடும் சேத்து முழுங்கும். கிராம்பு எண்ணெய் பக்கமே போகாதீங்க, நமக்கு பல்லுவலிக்கு கை கண்ட மருந்துதான், ஆனா அதுல இருக்கற பொருளை முறிக்கற சக்தி பூனையோட ஈரலுக்கு இல்ல. பூனைக்குன்னே கோழி வாசனை, மீன் வாசனைல பேஸ்ட் இருக்கு, பெட் ஷாப்லயோ ஆன்லைன்லயோ கிடைக்கும், முழுங்கினா ஒண்ணும் ஆகாது. அது இல்லன்னாலும் வெறும் தண்ணியில பிரஷ் நனைச்சு தேய்க்கலாம், ஏன்னா வேலையில பாதிக்கு மேல பிரஷ்ஷோட உரசல்தான் செய்யுது, பேஸ்ட் வாசனை பூனையை ஏமாத்தத்தான்னு வெச்சுக்கோங்களேன்.

இப்ப எப்படி தேய்க்கறதுன்னு கேப்பீங்க. முதல் நாளே பிரஷ்ஷை எடுத்துட்டு போனீங்கன்னா அன்னியோட உங்க கைக்கும் அதுக்கும் உள்ள சிநேகம் முடிஞ்சுது. முதல் வாரம் வெறும் விரல்தான். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம கோழி வேகவெச்ச தண்ணியில விரலை முக்கி நக்க விடுங்க, நக்கறப்பவே உதட்டை லேசா தூக்கி ஈறு மேல ஒரு தடவு. அடுத்த வாரம் விரல்ல மெல்லிசு துணி சுத்திக்கோங்க. அப்புறம்தான் பிரஷ், சின்ன குழந்தைங்க பிரஷ், இருக்கறதுலயே சாஃப்ட்டா பாத்து. பூனை முகம் உங்களுக்கு எதிர்ல இருக்க வேண்டாம், மடியில உங்களுக்கு முதுகு காட்டி உக்கார வெச்சு பக்கவாட்டுல உதட்டை மட்டும் தூக்குங்க. வாயை தொறக்கவே வேண்டாம். வெளிப்பக்கம் தேய்ச்சா போதும், உள்பக்கத்தை அதோட சொரசொரன்னு இருக்கற நாக்கே பாத்துக்கும். பிரஷ்ஷை நேரா வெக்காம சாய்ச்சு, முடி ஈறு ஓரத்துல படற மாதிரி வெச்சு, சின்ன சின்ன வட்டமா, ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம். அது எப்ப முகத்தை திருப்புதோ அப்ப விட்டுடுங்க, பிடரியை பிடிச்சு அமுக்கி தேய்க்கறது எங்க வீட்டுக்காரம்மா ஒரு தடவை செஞ்சு மூணு நாள் பூனை பக்கத்து வீட்டுல குடியிருந்துச்சு.

ஆனா உங்க பூனைக்கு காரை ஏற்கனவே கெட்டியா பிடிச்சிருக்கே, அதை மயக்க ஊசி போட்டு டாக்டர்தான் ஸ்கேலிங் செஞ்சு எடுக்கணும். நகத்தால சுரண்டாதீங்க. மயக்கம் இல்லாம செய்யறேன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, பாக்கறதுக்கு பல்லு வெள்ளையாகும், ஈறுக்கு அடியில இருக்கறது அப்படியே இருக்கும், நோவு குடுக்கறதே அதுதான். நம்ம பக்கம் எல்லா ஆஸ்பத்திரியிலயும் பூனைக்கு பல் சுத்தம் செய்யற வசதி இருக்காது, உங்க ஊரு டாக்டர்கிட்ட கேட்டுட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு போங்க, ஓசூர் பக்கம் இருக்கறவங்க பெங்களூருக்கே போயிடறாங்க. சுத்தம் செஞ்சு ஈறு ஆறினப்புறம் பிரஷ்ஷை ஆரம்பிங்க. ஈறு செவந்து வீங்கி இருக்கறப்ப தேய்ச்சா வலிக்கும், அந்த வலியை அது மறக்கவே மறக்காது.

கேள்வி: எலி புடிச்சு திங்கற பூனைக்கு எந்த காலத்துல யாரு பல்லு தேய்ச்சு விட்டா? இதெல்லாம் டவுன்காரங்க வேலை இல்லையா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

நியாயமான கேள்விதான் தம்பி. எலியை தோலோட முடியோட கடிச்சு இழுக்கறப்ப பல்லு கொஞ்சம் உரசும்தான். ஆனா அந்த பூனைங்க வாயை யாரு தொறந்து பாத்தோம்? வயசாகி இளைச்சு ஒரு நாள் காணாம போயிடும், எங்கயோ போயிடுச்சுன்னு சொல்லிட்டு விட்டுடுவோம். அதுவும் இன்னிக்கு உங்க வீட்டு பூனை எலியா திங்குது, பால் சோறும் பாக்கெட் ஃபுட்டும்தான. கொரகொரன்னு இருக்கற உலர் தீனி பல்லை சுத்தம் செய்யும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, சாதாரண தீனி கடிச்ச உடனே பொடியாயிடும், ஈறு ஓரம் வரைக்கும் போகாது. முறுக்கு தின்னா நமக்கு பல்லு சுத்தமாகுதா? பல்லுக்காக எலும்பும் குடுக்காதீங்க, வேகவெச்ச எலும்பு சில்லு சில்லா உடைஞ்சு ஈறுல குத்தும், தொண்டையில மாட்டும்.

கேள்வி: ஒன்பது வயசு பூனை. தட்டுகிட்ட ஆசையா போகுது, ஒரு வாய் எடுத்ததும் கத்திட்டு ஓடுது. எச்சி ஒழுகுது, உடம்பை நக்கறதையும் விட்டுடுச்சு. வலிக்கு பாராசிட்டமால் அரை மாத்திரை குடுக்கலாமா? (பென்னாகரம் வாசகி)

குடுக்காதீங்க. அரை, கால், சிரப் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையை கொன்னுடும், கிராம்பு எண்ணெய்க்கு சொன்ன அதே ஈரல் கதைதான், கூடவே ரத்தத்துல ஆக்ஸிஜனை தூக்கற சக்தியே போயிடும், ஈறு பழுப்பாகி முகம் வீங்கி மூச்சு இழுக்கும். ஏற்கனவே குடுத்திருந்தா இதை படிச்சு முடிக்காதீங்க, தூக்கிட்டு ஓடுங்க, முறிவு மருந்து இருக்கு.

நீங்க சொல்றதை பாத்தா வெறும் காரை மாதிரி தெரியல. வாய் பூரா, தொண்டை ஓரம் வரைக்கும் செவந்து புண்ணாகற ஒரு நோய் பூனைக்கு உண்டு, பல்லு மேல படியற கிருமியையே உடம்பு தாங்காம எதுத்து சண்டை போடறதால வர்றது. இல்லன்னா ஈறு ஓரத்துல பல்லு தானா கரைஞ்சு ஓட்டை விழற நோயா இருக்கலாம், அதுவும் பூனைக்கு சகஜம், லேசா பட்டாலே தாடை துடிக்கும். வயசான பூனைன்னா கிட்னி கெட்டாலும் வாய்ல புண்ணு வரும், அதனால ரத்தமும் பாக்க சொல்லுங்க. சிலதுக்கு கடவாப்பல்லு எல்லாத்தையும் பிடுங்கறதுதான் வைத்தியம்னு டாக்டர் சொல்லுவார், பதறாதீங்க. என் மூத்த பூனைக்கு அப்படித்தான் பிடுங்கினோம், வாயில்லா ஜீவனுக்கு பல்லும் இல்லாம போச்சேன்னு நான்தான் அழுதேன், அது நாலாவது நாள் மீனை பிசைஞ்சு வெச்சதும் தட்டை காலி பண்ணிட்டு என் தட்டுக்கு வந்துச்சு.

ரெண்டு விஷயம் அவசரம். பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கிடந்தா ஈரல்ல கொழுப்பு ஏறிடும், அதனால ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. இன்னொண்ணு, வெறிநாய்க்கடி தடுப்பூசி போடாத பூனை, எச்சியும் ஒழுகி குணமும் மாறி இருந்தா வாய்க்குள்ள கையே விடாதீங்க. ஏற்கனவே கடிச்சிருந்தா சோப்பு போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு போங்க.

கேள்வி: அஞ்சு மாச குட்டி. பாய் மேல ஒரு குட்டி பல்லு கிடந்துச்சு. சாணி உருண்டையில வெச்சு கூரை மேல போடணும்னு என் பொண்ணு அடம் பிடிக்கறா. ஏதாவது நோயா? (ஓசூர் வாசகி)

நோய் இல்லம்மா, பால்பல்லு. மொத்தம் இருபத்தாறு இருக்கும், பாதி அதுவே முழுங்கிடும், உங்க கண்ணுல பட்டதே அதிர்ஷ்டம். இப்ப ஈறு கொஞ்சம் செவந்துதான் இருக்கும், பிரஷ் வேண்டாம், விரல் பழக்கம் மட்டும் செஞ்சு வெச்சீங்கன்னா பின்னாடி உங்களுக்கு பாதி வேலை மிச்சம். ஏழு மாசம் ஆகியும் பழைய கோரைப்பல்லு விழாம புதுசு பக்கத்துலயே ஒட்டிட்டு நின்னா காட்டுங்க, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு கொண்டு போறப்ப அதே மயக்கத்துல எடுத்துடுவாங்க. சாணி உருண்டை தாராளமா போடட்டும், ஓசூர் அபார்ட்மெண்ட்ல சாணிக்கும் கூரைக்கும் எங்க போவீங்கன்னுதான் எனக்கு யோசனை.