குடல் அழற்சி இருந்தால் புற்றுநோய் வேறு செல்லில் தொடங்குமா?

தொடங்கலாம். பெருங்குடலின் உள்சுவர் முழுக்க நுண்ணிய குழிகள். அவற்றின் அடியிலுள்ள ஸ்டெம் செல்கள்தான் சில நாட்களுக்கொருமுறை சுவரைப் புதுப்பிக்கின்றன. கட்டி வளராமல் தடுக்கும் ஏபிசி மரபணு அங்கே பழுதானால் கட்டி வளரும் என்பது 2009-ல் எலிகளில் தெரிந்தது. அதே பழுது முதிர்ந்த செல்லில் வந்தால் பெரும்பாலும் கவலையில்லை, அது சீக்கிரமே உதிர்ந்துவிடும்.

நாள்பட்ட அழற்சி இந்தக் கணக்கைக் குழப்புகிறது. புண்ணை ஆற்றும் அவசரத்தில் முதிர்ந்த செல்களும் ஸ்டெம் செல் குணத்துக்குத் திரும்புகின்றன. ஏற்கெனவே பழுதான செல் அப்படித் திரும்பினால்தான் வம்பு. என்எஃப் கப்பா பி என்ற அழற்சிப் புரதம் இதைத் தூண்டுவதை 2013-ல் எலி ஆய்வு காட்டியது. மனிதர்களில் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் விவாதத்தில்தான்.

மரபணுக்கள் கெடும் வரிசையும் மாறுகிறது: வழக்கமாகக் கடைசியில் கெடும் பி53 என்ற கட்டித் தடுப்பு மரபணு, அழற்சிக் குடலில் முன்கூட்டியே கெடுகிறது. அல்சரேட்டிவ் கொலைடிஸ் (பெருங்குடலில் புண்ணோடு வரும் நாள்பட்ட அழற்சி) வந்து சுமார் 8 ஆண்டுகளில் கொலனோஸ்கோபி (கேமரா குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது) கண்காணிப்பைத் தொடங்கச் சொல்கிறார்கள்.