பழைய காருக்கு இன்ஜெக்ஷன்: கிட் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: என்னிடம் நாற்பது வருடத்துக்கு மேல் பழைய கார் ஒன்று இருக்கிறது. நான்கு சிலிண்டர், ஒற்றை கார்புரேட்டர், பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிட பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். காலையில் சோக் இழுத்துப் பத்து நிமிடம் கெஞ்ச வேண்டும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும், பெட்ரோலை அளந்து தெளிக்கும், அந்த அளவைத் தானே கற்றுக்கொள்ளும் இன்ஜெக்ஷன் கிட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஸ்டார்ட்டிங் தொல்லை போகும், பவரும் மைலேஜும் கூடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் இந்த மாதம் வேண்டாம். முதலில் என்ஜினுக்கு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள், சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று தெரியும். வால்வ் கிளியரன்ஸ், பாயிண்ட் இடைவெளி, பிளக் வயர், சிலிண்டர்களுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் கசிவு இருக்கிறதா, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆடுகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் மேல் விழுகிற பழியில் நிறைய இக்னிஷனுடையது.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தானே கற்றுக்கொள்ளும் கிட் எல்லாமே சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை நம்பித்தான் கற்கிறது. ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்றால், அதில் போன காற்று செலவாகாமல் அப்படியே வெளியே வரும். சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டும்தான். பெட்ரோல் குறைவு என்று ஈசியூவிடம் (இன்ஜெக்ஷனை நடத்தும் சின்ன கம்ப்யூட்டர்) சொல்லும், ஈசியூ இன்னும் பெட்ரோலை ஊற்றும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போகும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தாலும் இதே கதைதான். நானே ஒருமுறை பல வாரம் லேப்டாப்பில் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்த கேஸ்கெட்டை மாற்றியதும் ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடுவது) தானாகச் சீரானதைப் பார்த்திருக்கிறேன்.

என்ஜின் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு இன்ஜெக்ஷன் கொடுப்பது நிஜமான சுகம். குளிரில் ஒரே சாவியில் கிளம்பும். மலை ஏறும்போது காற்று மெலிந்தால் பெட்ரோலையும் தானே குறைத்துக்கொள்ளும். நீங்கள் சொன்ன சூட்டுத் தொல்லை, பெரும்பாலும் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதிப்பதால் வருவது. இன்ஜெக்ஷனில் பெட்ரோல் அதிக அழுத்தத்தில் இருப்பதால் அவ்வளவு எளிதில் ஆவியாகாது.

பவர் விஷயத்தில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். முழு த்ராட்டிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது, காற்றும் பெட்ரோலும் எடையில் 12.5 அல்லது 13-க்கு 1 என்ற கணக்கில் வேண்டும். சரியான ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) போட்ட கார்புரேட்டரும் அதைக் கொடுத்துவிடும். மைலேஜ் கொஞ்சம் கூடலாம், ஏனென்றால் சீராக ஓடும்போது 14.7-க்கு 1 என்ற அளவை ஈசியூ விடாமல் பிடித்துவைக்கும். ஆனால் போட்ட பணத்தை மைலேஜில் எடுக்கலாம் என்ற கணக்கில் மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: கிட் பெட்டியில் எல்லாம் வரும் என்கிறார்கள். வேறு எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்?

பதில்: பெட்ரோல் லைனுக்கு. பெட்டியின் விலையைப் பார்த்து பட்ஜெட் போட்டவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

கார்புரேட்டருக்கு 3 முதல் 6 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) போதும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைத்த அமைப்புக்கு சுமார் 43 பிஎஸ்ஐ வேண்டும். கார்புரேட்டர் இடத்தில் உட்காரும் இக்கால த்ராட்டில் பாடி கிட்கள் பல 58 பிஎஸ்ஐ கேட்கின்றன. என்ஜினில் இருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப் இதற்குப் பக்கத்தில்கூட வராது. பழைய ரப்பர் ஹோஸும், திருகி இறுக்கும் சாதாரண கிளாம்பும் இந்த அழுத்தத்தில் ஆபத்து. இன்ஜெக்ஷனுக்கென்று அழுத்தம் குறிக்கப்பட்ட ஹோஸ், அதை வெட்டாத கிளாம்ப் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். சூடான என்ஜின் மேல் 58 பிஎஸ்ஐயில் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பம்ப் டேங்குக்கு உள்ளேயே இருப்பது நல்லது. இந்த வகை பம்ப் நன்றாகத் தள்ளும், உறிஞ்சத் திணறும். தவிர, சுற்றிலும் இருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் டேங்குக்கு மிக அருகில், டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே வையுங்கள். அப்புறம், பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவில் திரும்பினால் பம்ப் காற்றை இழுக்கும். கார்புரேட்டரில் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் அந்த நொடியைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனில் என்ஜின் சட்டென்று வெட்டும். டேங்குக்குள் தடுப்பு வைக்கலாம், அல்லது நடுவில் பம்ப்புக்கு எப்போதும் பெட்ரோல் இருக்கும்படி சின்ன சர்ஜ் டேங்க் வைக்கலாம். பழைய டேங்கில் துரு இருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் தூள் புது பம்ப்பையும் இன்ஜெக்டரையும் தின்றுவிடும்.

பம்ப்புக்கு வரும் கரண்டை நேராகச் சாவியிலிருந்து எடுக்கவே கூடாது. ஈசியூ கட்டுப்படுத்தும் ரிலே வழியாகத்தான் வர வேண்டும். சாவி போட்டதும் பம்ப் சில நொடிகள் ஓடி நிற்கும், என்ஜின் சுற்றினால்தான் தொடரும். விபத்தில் என்ஜின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும். வேலை முடித்துக் காரைக் கொடுக்கும்போது இதை உங்கள் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

கரண்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். பம்ப் மட்டுமே 5 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். உங்கள் காரில் டைனமோ இருந்தால் முதலில் ஆல்டர்நேட்டருக்கு மாறுங்கள். எர்த் வயர்கள் புதிதாக இருக்கட்டும்.

கேள்வி: எந்த ஈசியூ நல்லது? ஹோலி ஸ்னைப்பர், மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ, ஹால்டெக் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் காரை டியூன் செய்யப்போகிறவருக்கு எது பழக்கமோ அது. இந்த வரிசையில் எதுவுமே உங்கள் என்ஜினை ஓட்டும். என்ஜின் வேகத்தையும் மேனிஃபோல்ட் அழுத்தத்தையும் பார்த்துப் பெட்ரோலை முடிவு செய்யும் யோசனையே பழையது; போஷின் டி-ஜெட்ரானிக் 1967-ல் வோல்க்ஸ்வேகன் 1600 காரில் அதைத்தான் செய்தது. இன்றைய பெட்டிகளில் அந்த எண்களை நாமே மாற்றலாம் என்பதுதான் பெரிய வசதி. மெகாஸ்குவர்ட்டும் ஸ்பீடுயினோவும் நேரமும் ஆர்வமும் இருப்பவருக்கு நல்ல பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுக்க முடியாது என்றால் ரெடிமேட் கிட் போதும்.

தானே கற்றுக்கொள்ளும் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. சீராக ஓடும்போது பெட்ரோல் அளவை அது கற்கும். காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆக எவ்வளவு, ஆக்சிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் எவ்வளவு என்பதையெல்லாம் பெரும்பாலும் ஒருவர் உட்கார்ந்து சரி செய்ய வேண்டும். இக்னிஷன் டைமிங்கை அது கற்கவே கற்காது. டைமிங்கையும் ஈசியூவிடம் கொடுப்பதாக இருந்தால் கிராங்க் புல்லியில் 36 பல்லுக்கான இடத்தில் ஒன்று மட்டும் இல்லாமல் 35 பல் வைத்த சக்கரமும் ஒரு சென்சாரும் வைப்பது வழக்கம். முடிந்தால் இதைச் செய்யுங்கள். ஆடிப்போன டிஸ்ட்ரிபியூட்டரோடு சண்டை போடுவது அதோடு முடியும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் போடுவதானால், பெரிதாக வாங்கிவைத்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 100 குதிரைத்திறன் என்ஜின் முழு சுமையில் மணிக்குச் சுமார் 50 பவுண்ட் பெட்ரோல் குடிக்கும். நான்கால் வகுத்தால் 12.5. இன்ஜெக்டர் 80 சதவீத நேரம் திறந்திருந்தால் போதும் என்று வைத்தால் 15.6 பவுண்ட், அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 165 சிசி. இதைவிட மிகப் பெரிதாகப் போட்டால் ஐடிலில் அது திறந்து மூடும் நேரம் மிகவும் சுருங்கி, அளவு கைக்கு அடங்காது.

கேள்வி: பழைய சாமானாக வாங்கினால் மிச்சம் ஆகுமா?

பதில்: சிலவற்றில் ஆகும். உங்கள் என்ஜின் குடும்பத்திலேயே பிற்காலத்தில் இன்ஜெக்ஷனோடு வந்த மாடல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதன் மேனிஃபோல்ட், த்ராட்டில் பாடி, டெம்பரேச்சர் சென்சார் எல்லாம் அப்படியே பொருந்தினால் அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. பழைய இன்ஜெக்டரைச் சுத்தம் செய்து, நான்கும் ஒரே அளவு தெளிக்கிறதா என்று டெஸ்ட் செய்து வாங்கலாம். ஆக்சிஜன் சென்சார், பம்ப், ஹோஸ் மூன்றும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். வயரிங்கை வெட்டி எடுத்த கிட் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன், இந்த மாற்றம் புகைப் பரிசோதனையையும் இன்சூரன்ஸையும் பாதிக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள். கழற்றிய கார்புரேட்டரையும் பழைய பம்ப்பையும் விற்காதீர்கள். நட்டு, போல்ட்டு, லிங்கேஜ் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள்.