ஹல்க் பக்கமும் மகளின் படிப்புப் பணமும்

கேள்வி: ஐயா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 450,000 ரேண்ட். சிறு வயதிலிருந்தே மார்வெல் காமிக்ஸ் என்றால் உயிர். ஹெர்ப் டிரிம்பி 1970-களில் வரைந்த ஹல்க் கதையின் அசல் பக்கம் ஒன்று, அதாவது அச்சுக்காகக் கையால் வரைந்த தாள், அமெரிக்க ஏலத்துக்கு வருகிறது. 5,000 டாலர் வரை போகலாம் என்கிறார்கள். மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவள் படிப்புக்குச் சேர்த்த 120,000 ரேண்டுடன், ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பகுதியிலிருந்து 45,000 ரேண்ட் எடுத்து இதை வாங்கி, அவள் பல்கலைக்கழகம் போகும்போது விற்றால் லாபம் வருமா? வரி கட்ட வேண்டுமா?

பதில்: இந்தப் பக்கத்தை வாங்க ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. மகளின் பணத்தில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

டிரிம்பி என்றதும் எல்லாரும் சொல்லும் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 1974-ல் வந்த ஹல்க் 180-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தை, மார்வெலின் இன்னொரு நாயகனான வுல்வரின் முதன்முதலில் தலைகாட்டும் அந்தப் பக்கத்தை, அவர் 1983-ல் ஒரு சிறுவனுக்குப் பரிசாகவே கொடுத்தார். 2014-ல் அது ஹெரிடேஜ் ஏலத்தில் 657,250 டாலருக்குப் போனது. மைக் செக் வரைந்த சீக்ரெட் வார்ஸ் 8-ஆம் இதழின் பக்கம் ஒன்று 2022-ல் 33,60,000 டாலருக்கு விற்றது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை எங்கிருந்து வந்தது என்று காட்டும் பக்கம் அது.

இரண்டுமே உண்மை. ஆனால் அங்கே விலை போனது ஓவியரின் கைத்திறன் மட்டும் அல்ல, கதையின் அந்தத் தருணமும்தான். டிரிம்பி 1968 முதல் 1975 வரை ஹல்க் வரைந்தவர், பக்கங்கள் ஏராளம். அட்டைப்படத்துக்கு ஒரு விலை, முழுப்பக்கச் சண்டைக் காட்சிக்கு ஒரு விலை, ஹல்க்காக மாறாத மனித உருவில் புரூஸ் பேனர் யாரோடோ நின்று பேசும் பக்கத்துக்கு வேறொரு விலை. உங்கள் பக்கத்தில் ஹல்க் இருக்கிறாரா, எத்தனை கட்டங்களில், எவ்வளவு பெரிதாக? இதைத்தான் நாளை உங்களிடம் வாங்க வருகிறவரும் பார்ப்பார். வாங்கிய விலைக்கும் கீழே விற்ற பக்கங்களைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஏலம் 5,000 டாலரில் முடிந்தால், அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் சுமார் 20 சதவீதம். ஆக 6,000. டர்பனுக்கு வந்து சேரும்போது சுங்கத்தில் அந்த மதிப்போடு 10 சதவீதத்தைக் கூட்டி, 6,600-க்கு 15 சதவீத வாட் போடுவார்கள். அது 990 டாலர். கூரியர், காப்பீடு, வங்கிக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் 7,200-ஐத் தொட்டுவிடும். ரேண்டில் பார்த்தால் கிட்டத்தட்ட மகளின் சேமிப்பு முழுவதும். பிறகு விற்கும்போது விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்றே வைத்தாலும், போட்ட பணம் கைக்கு வர ஏலம் 8,000 டாலருக்குப் போக வேண்டும். அதாவது மூன்றே வருடத்தில் 60 சதவீதம் ஏறினால்தான் உங்களுக்கு நஷ்டமில்லை. அதற்குள் ரேண்ட் வலுத்துவிட்டால் அதுவும் போதாது.

வரி விஷயத்தில் கவனமாக இருங்கள். சொந்த ரசனைக்காக வைத்திருக்கும் ஓவியத்தைத் தனிநபர் விற்றால், அது சொந்தப் பயன்பாட்டுப் பொருள் என்ற கணக்கில் மூலதன ஆதாய வரிக்கு வெளியே நிற்கும். நீங்களோ விற்று லாபம் பார்ப்பதற்கென்றே வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். லாப நோக்கத்தில் வாங்கியது என்று தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸ் முடிவு செய்தால், அந்த லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து முழு விகிதத்தில் வரிக்கு உள்ளாகும்.

சேமிப்புப் பகுதியைத் தொட வேண்டாம் என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஓய்வுக்கு முன்பே அதிலிருந்து பணம் எடுக்க 2024 செப்டம்பரில் வந்த அந்த வசதி, வீட்டில் அவசரம் வந்தால் கைகொடுப்பதற்கு. எடுக்கும் தொகை வருமானமாகவே கணக்கிடப்படும். உங்கள் சம்பளத்துக்கு 31 சதவீதம் என்று வைத்தால் 45,000-ல் 13,950 ரேண்ட் வரியாகப் போய்விடும், கட்டணம் வேறு.

மகளின் 120,000-ஐ அரசின் சில்லறைச் சேமிப்புப் பத்திரத்தில் போடுங்கள். 2 வருடம், 3 வருடம் என்று நிலையான வட்டிக்குக் கிடைக்கிறது, கட்டணம் கிடையாது. அவள் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய தேதியைப் பார்த்து முதிர்வைத் தேர்ந்தெடுங்கள். 65 வயதுக்கு உட்பட்டவருக்கு ஆண்டுக்கு 23,800 ரேண்ட் வரையிலான வட்டிக்கு வரி இல்லை.

பக்கத்துக்கென்று தனியாக மாதாமாதம் ஒதுக்குங்கள். இன்று வரைந்துகொண்டிருக்கும் ஓவியர்களின் பக்கங்கள் சில நூறு டாலருக்கே கிடைக்கின்றன, பலர் நேரடியாகவும் விற்கிறார்கள். முழுக்க டிஜிட்டலில் வரைபவர்களுக்கு அசல் பக்கமே இருக்காது. பென்சில் ஒருவர் போட்டு, அதன் ஸ்கேனை அச்செடுத்து அதன்மேல் இன்னொருவர் மை இட்டிருந்தால், எது உங்கள் கைக்கு வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பக்கம் என்றால் அச்சான இதழைப் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள். 1967 வாக்கில் அளவு மாறியது. அதற்கு முன் ஓவியப் பரப்பு ஏறத்தாழ 12-க்கு 18 அங்குலம், பிறகு 10-க்கு 15. வெள்ளை மையால் திருத்திய தடம், ஓரத்தில் ஆசிரியர் குறிப்பு, பின்புறம் அமெரிக்கக் காமிக்ஸ் தணிக்கை அமைப்பான காமிக்ஸ் கோடின் முத்திரை இருந்தால் நம்பிக்கை கூடும். ஓவியரே பிற்காலத்தில் மறுபடி வரைந்த பிரதிகளும் சந்தையில் உண்டு. அவற்றின் விலை வேறு, ஆகவே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பக்கம் உங்களுடையதானாலும் பதிப்புரிமை உங்களுக்கு வராது, போஸ்டர் அடித்து விற்க முடியாது.

என்றைக்கு வாங்கினாலும், வீட்டுக் காப்பீட்டில் அந்தப் பக்கத்தைத் தனிப்பொருளாக, வாங்கிய ரசீதோடு பதியச் சொல்லுங்கள். டர்பனின் ஈரக்காற்றுக்கும் வெயிலுக்கும் காகிதம் பழுக்கும், மார்க்கர் வெளிறும். அந்தச் சேதத்துக்குக் காப்பீடு பணம் தராது. அமிலமற்ற அட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் போட்டுச் சட்டமிடும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.