முதலில் கிக்கரை உதைக்காதீர்கள்

கேள்வி: ஐயா, குளச்சலில் ஒரு வீட்டுச் சாய்ப்பில் ஏழு ஆண்டுகளாக நின்ற யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டியை வாங்கியிருக்கிறேன். 1994 மாடல். கிக்கர் இறங்குகிறது. புது பிளக் மாட்டிப் பெட்ரோல் ஊற்றினால் ஓடிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். டேங்குக்குள் துரு இருக்கிறது. ரப்பர் பாலில் ஊற்றுகிற ஆசிட்டை விட்டுக் கழுவலாமா?
- வாசகர், கருங்கல்

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்வது சரிதான், ஓடிவிடும். என் பயமே அதுதான். நான் ஒர்க்‌ஷாப் தொடங்கிய புதிதில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து இதே போல ஒரு ஆர்.எக்ஸ். வந்தது. பிளக்கை மாற்றி உதைத்தேன். நான்காவது உதையில் அந்தச் சத்தம் கேட்டதும் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வண்டிக்காரர் சந்தோஷமாக ஓட்டிப் போனார். புதுக்கடை தாண்டியதும் பிஸ்டன் பிடித்து (சிலிண்டருக்குள் இறுகி நின்று), பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, அவர் மணிக்கட்டு உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவர் என்னை ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை. இன்றும் பழைய ஆர்.எக்ஸ். எது வந்தாலும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

காரணம் ஆயில் சீல். இது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டான கிராங்க் சுற்றும் அறைதான் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுத்து மேலே தள்ளுகிறது. கிராங்கின் இரு முனைகளிலும் இருக்கிற சீல்கள்தான் அந்த அறையைக் காற்றுப் புகாமல் காக்கின்றன. நின்றுபோன வண்டியில் அவை காய்ந்துவிடும். மின்சாரம் தருகிற மேக்னட் பக்கம் கசிந்தால் பெட்ரோலும் ஆயிலும் கலக்காத வெறுங்காற்று உள்ளே வரும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் இரைச்சல் இறங்காது. சூடு ஏறி பிஸ்டன் பிடிக்கும். கிளச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை எஞ்சின் குடிக்கும். வெள்ளைப் புகை நிற்காமல் வரும்.

மேக்னட்டைப் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டுக் கழற்றுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். பழைய சீலை எடுத்து அதன் விளிம்பை நகத்தால் அழுத்திப் பாருங்கள். புதுச் சீல் மடிந்து உடனே எழும்பும். ஏழு ஆண்டு காய்ந்தது புளியந்தோடு மாதிரி இருக்கும், சில நேரம் நகத்தோடேயே பெயர்ந்து வரும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். கிளச் பக்கத்துச் சீலைப் பழகிய கையிடம் விடுங்கள். கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். கடலோரத்தில் நின்ற வண்டியில் பேரிங்கும் துருப்பிடிக்கும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே ஒரு வேலை செய்யலாம். பிளக்கைக் கழற்றி, ஒரு ஸ்பூன் 2டி ஆயிலை (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) உள்ளே விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். காலை வைக்காதீர்கள். பிறகு ஹெட்டையும் பிளாக்கையும் கழற்றி சிலிண்டர் சுவரில் நகத்தை ஓட்டுங்கள். எங்காவது தட்டினால் லேத்தில் சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். சாய்ப்பில் நின்ற வண்டி என்றால் உள்ளே தேங்காய் நாரும் எலிக்கூடும் இருக்கும்.

டேங்குக்கு அந்த ஆசிட் வேண்டவே வேண்டாம். ஃபார்மிக் ஆசிட் துருவோடு நிற்காது, நல்ல தகட்டையும் தின்னும். தையல் ஓரத்தில் ஓட்டை விழும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து. வினிகரை நிரப்பி இரண்டு மூன்று நாள் வையுங்கள். நடுநடுவே ஒரு பிடி சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். கொட்டிய பிறகு ஆப்பச்சோடா கரைத்த நீரில் அலசி, நல்ல வெயிலில் உலர்த்தி, உடனே 2டி ஆயிலைச் சுழற்றிப் பூசுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நம் ஊர் உப்புக்காற்றில் மறுபடி செம்மை படரும். பெட்ரோல் டேப், டியூப், கார்புரேட்டர் ரப்பர்கள் எல்லாம் புதிதாக இருக்கட்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது.

இந்த வண்டியில் ஆயிலுக்குத் தனி டேங்க்கும் பம்ப்பும் உண்டு. காலியாகக் கிடந்த குழாயில் காற்று அடைத்திருக்கும். அதை வெளியேற்றி, பம்ப் ஒழுங்காக ஆயில் தருகிறது என்று உறுதியாகும் வரை, லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுங்கள். புகை வரட்டும், பரவாயில்லை. முதல் 100 கிலோமீட்டருக்கு இரண்டு விரல் கிளச் மீதே இருக்க வேண்டும். வண்டி இழுக்க மறுத்தால் அந்த நொடியே கிளச்சைப் பிடியுங்கள்.

பேப்பர் விஷயம்: இந்த மாடல் 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோனது. ஆகவே உங்கள் வண்டியின் முதல் 15 ஆண்டுப் பதிவு எப்போதோ முடிந்துவிட்டது. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் 1எல்1 என்று தொடங்குகின்றனவா, ஆர்.சி.யோடு பொருந்துகின்றனவா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பொருந்தாவிட்டால் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் விற்றவரிடம் போய்க் கேளுங்கள். பொருந்தினால், பெயர் மாற்றமும் புதுப்பித்தலும் இன்சூரன்சும் முடிந்த பிறகே சாலையில் இறக்குங்கள்.

கேள்வி: வேலைக்காக மஸ்கட் போகிறேன், திரும்ப இரண்டு ஆண்டு ஆகும். கார்புரேட்டர் வைத்த ஸ்ப்ளெண்டர் வண்டி. வாரம் ஒருமுறை அம்மா ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?
- வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: வேண்டாம். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. சைலன்சருக்குள் நீர் கோத்து உள்ளிருந்தே அரிக்கும். நம்பிக்கையான உறவுக்காரர் யாராவது வாரம் பத்து கிலோமீட்டர் ஓட்டுவார் என்றால் அதைவிட நல்லது இல்லை. அப்படி ஆள் இல்லையென்றால், போவதற்கு முந்தின நாள் புது எஞ்சின் ஆயில் மாற்றுங்கள். டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து, டேங்க் உள்ளே ஆயில் பூசுங்கள். பிளக் துளையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரை இரண்டு முறை மெதுவாக அழுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடுங்கள். வந்து புதிது வாங்கிக்கொள்ளலாம். நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) சாரல் அடிக்காத சுவர்ப் பக்கமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை போர்த்தினால் உள்ளே வியர்க்கும், பழைய பருத்திப் போர்வையே நல்லது. சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டாமல் இருக்க எண்ணெய்த் துணியை அடைத்து வையுங்கள். திரும்பி வந்ததும் அதை எடுக்க மறந்துவிடாமல் இருக்க, சாவியோடு ஒரு சீட்டு எழுதிக் கட்டி அம்மாவிடம் கொடுங்கள்.