விலை கூடிய ஹெட்போனுக்கு உறுதியான கனத்த கேபிள் நல்லதா, பாரமில்லாத மெல்லிய கேபிள் நல்லதா?

காசைக் கொட்டி ஹெட்போன் வாங்கிவிட்டு, கூட வந்த வயரைப் பார்த்து 'இது அறுந்துபோகுமே' என்று பயந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பயத்தில் கனத்ததை வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன்.

எனக்கு மட்டக்களப்பு, கல்லடி. கூத்து எங்கே ஆடினாலும் போய் ஒலிப்பதிவு செய்வேன். என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 25. கேபிளைக் கழற்றினால் 140 கிராம்தான். பழைய வயர் ஜாக்குக்குக் கிட்ட விட்டுப்போனதால், நைலோன் பின்னல் சுற்றிய மொத்தமான கேபிள் ஒன்றை வாங்கிப் போட்டேன். அது இன்றுவரை அறவில்லை, உண்மைதான்.

ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்துக்குப் போனேன். ஆட்டக் களரி தொடங்கியதிலிருந்து காதில் 'தொம், தொம்' என்று ஒரு சத்தம். மைக்கில் காற்று அடிக்கிறது என்று நினைத்து ரெக்கோர்டரில், தாழ்ந்த சத்தங்களை வெட்டுகிற லோ கட்டைப் போட்டேன். முதலில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். குறையவில்லை. 120, அதற்கும் குறையாமல் 160. விடியும் வரை அப்படியே பதிந்தேன். உண்மையில் அந்தப் பின்னல் என் சட்டைப் பொத்தானில் உரசுகிற சத்தம்தான் வயர் வழியே காதுக்கு ஏறியிருக்கிறது. மைக்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பதிவைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியபோது, கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கிற அண்ணாவியார் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மனே, இதுக்குள்ள மத்தளத்தக் காணல்லியே?" என்றார். சல்லரித் தாளம் மட்டும் கணீரென்று கேட்டது. அவர் இரவு முழுக்க நின்று அடித்த அடியின் கனத்தை நான் வெட்டி எறிந்திருந்தேன். திரும்ப எடுக்க ஏலுமா?

வெள்ளிக் கம்பி போட்ட கனத்த கேபிளில் சத்தமே வேறு என்று சிலர் கீழே வந்து எழுதுவீர்கள். வெள்ளி செம்பைவிட ஐந்தாறு வீதம்தான் கூடுதலாக மின்சாரம் கடத்தும். 70 ஓம் மின்தடை உள்ள இந்த ஹெட்போனுக்கு முன்னால் அந்த வித்தியாசம் ஒன்றுமே இல்லை. உங்கள் காதைக் குறை சொல்லவில்லை, என் காதுக்குக் கேட்கவில்லை.

அப்புறம், கேபிள் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. ஜாக் தொடங்குகிற இடத்தில், மடிந்து மடிந்துதான் விடுகிறது. அந்த ரப்பர் கழுத்து நீளமாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பக்கம் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் உள்ளே செம்பு பச்சை பிடித்துவிடும், வெளியே எவ்வளவு மொத்தமாகச் சுற்றினாலும்.

கூத்துப் பதிவைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விடிய விடிய கண் முழித்து எடுத்த பதிவுகளை இரண்டு நிமிடமாக வெட்டி, தங்கள் பெயரை ஒட்டி முகநூலில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் பெயர் வேண்டாம், அண்ணாவியாரின் பெயரையும் ஊரின் பெயரையுமாவது போடக் கூடாதா? கேட்டால் பதிலே வராது.

சரி, கேபிளுக்கு வருகிறேன். இப்போது நான் பாவிப்பது மெல்லியது, வழுவழுப்பான உறை, கழற்றி மாட்டக்கூடியது. அதே மாதிரி இன்னொன்று பையில் எப்போதும் கிடக்கும். ஒரு முறை களரி நடுவில் விட்டுப்போய், இருட்டில் தடவியே மாற்றினேன். ஒரு தரு, அதாவது ஒரு கூத்துப் பாட்டு, முடிவதற்குள் மாற்றி முடிந்தது.